ஜூரோங்கிலிருந்து யு.பி.எஸ்.சி.: வேலையை எப்போது விடுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பட்டம் வாங்கி, ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஜூரோங்கில் தங்கி, துவாஸில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலை. வயது 28, பி.சி. வகுப்பு. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. கம்பெனியில் பி.ஆர். (நிரந்தரவாசம்) போடச் சொல்கிறார்கள், போட்டால் தேர்வு எழுத முடியாதா? இங்கேயே தேர்வு மையம் உண்டா? தமிழில் எழுதலாமா? வேலையை விட்டுவிட்டுச் சென்னை அண்ணா நகரில் ரூம் எடுத்துப் படி என்கிறார்கள் நண்பர்கள். அப்பா சிறு விவசாயி, வீடு நான் அனுப்பும் பணத்தில் நடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். — ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வணக்கம் தம்பி. நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய நாள், முதல்நிலைத் தேர்வு முடிவு வந்த மறுநாள். அதற்கு முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம். காரணம் தேர்வின் கணக்கிலேயே இருக்கிறது.

2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலை எழுத வந்தவர்கள் 5,83,213. அதில் தேறி மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) எழுதத் தகுதி பெற்றவர்கள் 14,627. நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,845. கடைசியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009. வகுத்துப் பாருங்கள். முதல் சல்லடையில் நாற்பது பேருக்கு ஒருவர் தேறுகிறார். அடுத்ததில் ஐந்து பேருக்கு ஒருவர். நேர்முகத்தில் மூன்று பேருக்கு ஒருவருக்கும் சற்று அதிகம். ஆக, மிக நெருக்கமான சல்லடை முதலாவதுதான். அது கொள்குறி வினாத் தேர்வு. வேலை பார்த்துக்கொண்டே அதற்குத் தயாராக முடியும். அதைத் தாண்டாத நிலையில் சம்பளத்தை விடுவது, வீட்டின் ஒரே வருமானத்தை நாற்பதில் ஒன்றை நம்பி வைப்பதாகும். தாண்டிவிட்டால் உங்களோடு போட்டியிடுபவர்கள் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர்தான். அப்போது சில மாதச் சம்பளத்தை இழப்பதில் நியாயம் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2025இல் முதல்நிலை மே 25 அன்று நடந்தது, மெயின்ஸ் ஆகஸ்ட் 22 அன்று தொடங்கியது. நடுவில் மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. அதுவரை ஒரு பக்கம்கூட விடை எழுதிப் பழகாதவருக்கு இந்த இடைவெளி போதாது. அதனால் படிக்கும் வரிசையைத் தலைகீழாக வையுங்கள். முதல் ஏழெட்டு மாதம் மெயின்ஸ் பாடமும், அதில் நீங்களே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடமும், கடைசி நான்கு மாதம் முழுக்க முதல்நிலை.

இனி பி.ஆர். விஷயம். சிங்கப்பூரில் நிரந்தரவாசம் வாங்கினாலும் உங்கள் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். நீங்கள் இந்தியக் குடிமகன்தான், தேர்வுக்குத் தடையில்லை. குடியுரிமை வாங்கினால் கதை வேறு. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். (வெளியுறவுப் பணி) மூன்றுக்கும் இந்தியக் குடிமகனாக இருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இதற்கு உதவாது. மற்ற பணிகளுக்கு இலங்கை, பர்மா, கென்யா போன்ற சில நாடுகளிலிருந்து இந்தியாவில் நிலையாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினருக்கு இடம் உண்டு. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை.

பி.ஆர். எடுப்பதில் நீங்கள் பார்க்க வேண்டியது பணக்கணக்கு. முதல் வருடம் சம்பளத்தில் 5 சதவீதம், இரண்டாம் வருடம் 15, மூன்றாம் வருடம் முதல் 20 சதவீதம் மத்திய சேமநிதிக்குப் போகும். பி.ஆரைத் துறந்து ஒரேயடியாக வெளியேறும்வரை அதை எடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. படிப்புக்காக நீண்ட நாள் ஊரில் தங்கினால் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்குள் மெயின்ஸ் எழுதுவதுதான் திட்டம் என்றால், இப்போது பி.ஆருக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

தேர்வு மையம் இந்தியாவில் மட்டும்தான். முதல்நிலைக்குத் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, வேலூர் உள்ளன. உங்களுக்குத் திருச்சி வசதி. சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு, வீடும் பக்கம். ஆனால் சென்னை போன்ற சில மையங்களைத் தவிர மற்றவற்றுக்கு ஆள் கணக்கு உண்டு. முதலில் விண்ணப்பிப்பவருக்கே இடம், நிரம்பிவிட்டால் வேறு மையம்தான். விண்ணப்பம் திறந்த முதல் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். பொதுவாகக் கடைசி நாளில் இந்திய நேரம் மாலை 6 மணிக்கு மூடுவார்கள். உங்களுக்கு அது இரவு எட்டரை. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. மெயின்ஸுக்குத் தமிழ்நாட்டில் சென்னைதான் மையம்.

தமிழில் எழுதலாமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். விடை வட்டத்தைக் கறுப்பதுதான் என்றாலும் கேள்வியை ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். மெயின்ஸில் கட்டுரை, பொது அறிவுத் தாள்கள் நான்கு, விருப்பப் பாடம் ஆகியவற்றுக்குத் தமிழில் விடை எழுதலாம். அங்கும் கேள்வி ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கலைச்சொல் வரும் இடத்தில் தமிழ்ச் சொல்லை எழுதி அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைத் தரலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. நேர்முகத்தையும் தமிழில் எதிர்கொள்ளலாம்.

விதி இடம் கொடுத்தாலும் நடைமுறையில் இரண்டு தொல்லைகள். தமிழில் பாடப்பொருள் குறைவு. தமிழ் விடைத்தாளைத் திருத்திக் குறை சொல்லக்கூடிய டெஸ்ட் சீரிஸ் (தொடர் மாதிரித் தேர்வுகள்) அதைவிடக் குறைவு. பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது: பொதுத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியத்தை எடுத்து அதை மட்டும் தமிழில் எழுதுவது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மெக்கானிக்கல் பாடமும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆறு வருடம் பாடநூலைத் தொடாமல், நாளுக்கு இரண்டரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்திட்டத்தை மறுபடி ஏற முடியாது. தமிழ் இலக்கியத்தின் இரண்டாம் தாளுக்கு வேலி போட்டிருக்கிறார்கள்: குறுந்தொகையில் முதல் 25 பாடல், புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம் மட்டும், கம்பராமாயணத்தில் கும்பகருணன் வதைப் படலம் என்று எல்லை தெளிவு. முதல் தாளில் மொழி வரலாறும் இலக்கிய வரலாறும் வரும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. உரை தேடி அலைய வேண்டாம்.

பொதுத் தாள்களுக்கு ஆங்கிலமா தமிழா என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். பழைய மெயின்ஸ் தாளில் ஆறு கேள்விகளை எடுத்து, ஒரு ஞாயிறு ஆங்கிலத்திலும் மறு ஞாயிறு தமிழிலும் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தும் ஆங்கிலத்தில் கருத்து கையோடு ஓடவில்லை என்றால் தயங்காமல் தமிழை எடுங்கள். விண்ணப்பத்தில் மொழியைக் குறித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதற்கு முன் இந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

முதல்நிலைக்கு வருவோம். ஒரே நாளில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். முதல் தாளில் 100 கேள்வி, சரியானால் 2 மதிப்பெண், தவறானால் 0.66 போகும். கட்-ஆஃபை, அதாவது தேறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணை, இந்தத் தாள்தான் தீர்மானிக்கும். பொதுப்பிரிவுக்கு 2022இல் 88.22, 2023இல் 75.41, 2024இல் 87.98.

இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். 60 கேள்வி தொட்டு 48 சரி, 12 தவறு என்றால் 88. 85 கேள்வி தொட்டு 55 சரி, 30 தவறு என்றால் 90. இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். முதலாமவர் அதிகம் படித்துப் பயந்தவர், இரண்டாமவர் குறைவாகப் படித்துத் துணிந்தவர். நான்கு விடைகளில் இரண்டைத் தவறென்று உறுதியாகத் தள்ள முடிந்தால் மீதியில் ஒன்றைக் குறிப்பது லாபம்: அப்படி ஒவ்வொரு கேள்விக்கும் சராசரியாக 0.67 சேரும். ஒன்றை மட்டும் தள்ள முடிந்தால் 0.22. எதையும் தள்ள முடியாமல் குறித்தால் சராசரி பூஜ்யம், பதற்றம் மட்டும் மிச்சம். 2023இல் கட்-ஆஃப் அப்படி விழுந்ததற்கு ஒரு காரணம் கேள்வியின் வடிவம். "மேற்கண்டவற்றுள் எத்தனை கூற்றுகள் சரி? ஒன்று, இரண்டு, மூன்று" என்று கேட்டால் தள்ளிப் பார்க்கும் வழி அடைபட்டுப் போகிறது. அந்த வகைக் கேள்வியில் ஒவ்வொரு கூற்றும் தெரிந்திருந்தால் மட்டும் கை வையுங்கள்.

இரண்டாம் தாள் சிசாட் எனப்படும் திறனறித் தாள். 80 கேள்வி, ஒன்றுக்கு 2.5, தவறுக்கு 0.83 குறையும். 33 சதவீதம், அதாவது 66 எடுத்தால் போதும். போதும் என்பதாலேயே பலர் இதைத் தொடாமல் போய், முதல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வெளியே நிற்கிறார்கள். இன்ஜினியர்கள் இதில் அதிகம். 40 கேள்வி தொட்டு 30 சரி, 10 தவறு என்றால் வருவது 66.67. மயிரிழையில் தேறல். கணக்கில் உங்களுக்குப் பயமிருக்காது. ஆனால் கணிசமான கேள்விகள் ஆங்கிலப் பத்தியைப் படித்து, அதில் சொன்னதை மட்டும் வைத்து விடை தேடுபவை. தமிழ் வழியில் வந்தவருக்கு நேரம் கரைவது அங்கேதான். கம்பெனிப் பேருந்தில் துவாஸ் போய்வரும் நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஓர் ஆங்கில நாளிதழ்த் தலையங்கத்தை வாசித்து, மூன்று வரியில் அதன் கருத்தை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்.

விடைத்தாளுக்குக் கறுப்புப் பந்துமுனைப் பேனா மட்டும். தேர்வு தொடங்க அரை மணி நேரம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். 9.30 தேர்வுக்கு 9 மணிக்கு மேல் யாரையும் விடுவதில்லை. விண்ணப்பத்தில் எந்த அடையாள அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அதுவே கையில் இருக்க வேண்டும்.

மெயின்ஸ் ஒன்பது தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். இந்திய மொழித் தாளும் ஆங்கிலத் தாளும் தலா 300, தேர்ச்சிக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் 75 வராவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கிலேயே வராது. தமிழ்த் தாளில் கட்டுரைக்கு 100, பத்தி வினாவிடைக்கு 60, சுருக்கி வரைதலுக்கு 60, இருவழி மொழிபெயர்ப்புக்கு இருபது இருபதாக 40, இலக்கணத்துக்கு 40. உங்களுக்கு இது எளிது, ஆங்கிலத் தாள்தான் பழக வேண்டியது. தரவரிசைக்குக் கணக்காகும் ஏழு தாள் தலா 250, மொத்தம் 1750. நேர்முகம் 275. ஆக மொத்தம் 2025 மதிப்பெண். 2024இல் முதலிடம் பெற்றவரின் மொத்தமே 1043, பொதுப்பிரிவில் கடைசியாக உள்ளே வந்தவர் 947. ஒவ்வொரு தாளிலும் பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் எந்தத் தாளிலும் சறுக்காமல் எழுதுபவரே தேறுகிறார்.

பொது அறிவின் முதல் மூன்று தாள்களில் ஒவ்வொன்றுக்கும் 20 கேள்வி: பத்து கேள்விக்கு 150 சொல், பத்து கேள்விக்கு 250 சொல். மூன்று மணி நேரத்தில் 4,000 சொல் கையால் எழுத வேண்டும். 10 மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடம், 15 மதிப்பெண் கேள்விக்குப் பதினொரு நிமிடம் என்றால் 180 நிமிடம் சரியாக முடியும், திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ஆறு வருடமாக விசைப்பலகையில் வாழ்ந்த கை முதல் மணி நேரத்திலேயே வலிக்கும். கடைசி நான்கு கேள்வியை எழுத முடியாமல் விட்டவர் அந்தத் தாளில் அறுபது மதிப்பெண் வரை இழக்கிறார். எத்தனை அருமையாக முதல் கேள்வியை எழுதினாலும் அதை ஈடுகட்ட முடியாது. அதனால் தினமும் ஒரு விடையாவது பேனாவில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் சொல் நீளம், ஒரு சொல்லில் பொருளும் அதிகம். 150 என்ற எண்ணைத் துரத்தாமல் கொடுத்த இடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள்.

நேரத்துக்கு வருவோம். வார நாளில் இரண்டரை மணி, சனி ஞாயிறு தலா எட்டு மணி என்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் சொச்சம். ஒரு வருடத்தில் ஏறத்தாழ 1,480 மணி. முதல்நிலைக்கும் விருப்பப் பாடத்துக்கும் இது போதும். மெயின்ஸ் முழுவதற்கும் போதாது. அந்தக் குறையைத்தான் முதல்நிலைக்குப் பிந்தைய மூன்று மாதம் நிரப்ப வேண்டும்.

முதல்நிலை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் திரும்பிவிடலாம். மெயின்ஸ் அப்படியில்லை. 2024இல் செப்டம்பர் 20, 21, 22, பிறகு 28, 29 என்று இரண்டு வார இறுதிகளில் பரவியிருந்தது. பயணத்தோடு எட்டு வேலைநாள் போகும். உங்கள் ஆண்டு விடுப்பை அந்த வருடம் வேறெதற்கும் செலவழிக்காதீர்கள், தீபாவளிக்குக்கூட. முதல்நிலை தேறினால் முதலில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். மறுத்தால் மட்டும் ராஜினாமா. அப்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேலை அனுமதியை ரத்து செய்ததும் பொதுவாக 30 நாள் குறுகிய காலத் தங்கல் அனுமதிதான் கிடைக்கும். வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்கு வர வேண்டிய கடைசிப் பணத்தை முதலாளி பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆகவே கடைசிச் சம்பளத்தை நம்பி விமானச் சீட்டோ அறை முன்பணமோ திட்டமிடாதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் தொகையைப் பத்து மாதத்துக்குக் கணக்கிட்டு, அது அப்பாவின் பெயரில் வங்கியில் இருந்தால்தான் வேலையை விடலாம்.

நேர்முகத்தைப் பற்றி இப்போது அதிகம் வேண்டாம். ஒன்று மட்டும்: சிங்கப்பூரில் ஆறு வருடம் இருந்தவரிடம் சிங்கப்பூரைப் பற்றித்தான் கேட்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளை அரசு எப்படிக் கட்டித் தருகிறது, கழிவுநீரை எப்படி நியூவாட்டராக மாற்றுகிறார்கள், 2005இல் கையெழுத்தான இந்திய-சிங்கப்பூர் பொருளாதார ஒப்பந்தம், 2023இல் இணைந்த இரு நாட்டுப் பணப் பரிமாற்ற வழிகளான யு.பி.ஐ.-பேநவ், 1943 அக்டோபரில் நேதாஜி இங்கே கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தது. சுற்றி இருப்பதை இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.

இனி பொங்கல் பயணம். அதில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை சாதிச் சான்றிதழ். உங்கள் கையில் இருக்கும் தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதற்கு முன் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதி அதில் இருந்து சான்றிதழும் கிடைத்தால் 35 வயது வரை, 9 முறை எழுதலாம். இல்லாவிட்டால் 32 வயது, 6 முறை. வயது தேர்வு ஆண்டின் ஆகஸ்ட் 1ஆம் தேதியில் கணக்கிடப்படும். கிரீமி லேயர், அதாவது வசதியான குடும்பத்தவருக்கு ஓ.பி.சி. சலுகை இல்லை என்ற விதி பற்றி நீங்கள் பயப்படக் காரணமில்லை. உங்கள் சிங்கப்பூர்ச் சம்பளம் அதில் சேராது, பெற்றோரின் நிலையைத்தான் பார்ப்பார்கள், அதிலும் விவசாய வருமானம் எட்டு லட்ச வரம்புக்குள் கூட்டப்படாது. தாலுகா அலுவலகத்தில் யாராவது உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். சான்றிதழின் தேதி விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஓர் எழுத்தாகவும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும், ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பது தமிழ்நாட்டவர் எல்லோருக்கும் உள்ள தொல்லை. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே ஆதாரம். விண்ணப்பத்தில் பெயரை அதன்படியே கொடுங்கள். ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்த முடிந்தால் இந்தப் பயணத்திலேயே செய்துவிடுங்கள். ஓ.டி.பி. வருவதற்கு இந்திய எண் ஒன்றை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

இந்த வருடமே விண்ணப்பியுங்கள், கட்டணம் 100 ரூபாய்தான். விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாவிட்டால் வாய்ப்பு எண்ணிக்கையில் சேராது. ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலும் சேரும். மே மாத முதல் வாரத்தில் நேரம் வைத்து மூன்று முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். மூன்றிலும் 80க்குக் கீழே வந்தால் விமானச் சீட்டு போடாமல் அடுத்த வருடத்துக்கு விட்டுவிடுங்கள்.

பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று தாலுகா அலுவலகம் வரிசையாக மூடியிருக்கும். பயணச் சீட்டைப் போடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். பண்டிகைக்கு முன் நான்கு வேலைநாளாவது கையில் இருக்கும்படி வந்து சேர்ந்து, இறங்கிய மறுநாளே இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிந்துவிடுங்கள். அப்பாவின் சான்றிதழ், குடும்ப அட்டை, உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லி வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.